தோஜி சந்தையில் வாங்கிய ட்சுபா: ‘சோடென்’ என்று பெயர் இருக்கு, நம்பலாமா?

ஓட்சு கதிர்

எல்லாருக்கும் வணக்கம். போன 21ஆம் தேதி கியோட்டோ தோஜி கோயில் சந்தைக்குப் போனேன். தேநீர்க் கிண்ணம் ஒண்ணு வாங்கணும்னு போனவன், இரும்புத் தட்டோட திரும்பி வந்தேன். வாளோட பிடிக்கும் அலகுக்கும் நடுவுல இருக்குமே கைக்காப்பு, அந்த ட்சுபா. (“சுபாவுக்கு 28,000 யென் கொடுத்துட்டேன்”னு நான் போன்ல நண்பன்கிட்ட சொன்னதைக் கேட்டுட்டு, யார் அந்தச் சுபான்னு வீட்ல நடந்த விசாரணை தனிக்கதை.)

விவரம் இதுதான். இரும்பு, கிட்டத்தட்ட வட்டம். உயரம் 74 மி.மீ., அகலம் 70, விளிம்புல தடிமன் 5 மி.மீ. பைன் மரத்தடியில சீனப் போர்வீரர்கள், ஒரு குதிரை, பின்னால பாறை. உருவங்களைச் சுத்தி வெட்டி எடுத்து, இந்தப் பக்கம் பார்த்தா அந்தப் பக்கம் தெரியற மாதிரி வேலை. முகத்துலயும் குதிரைச் சேணத்துலயும் துளித்துளியா தங்கம். நடு ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் எழுத்து: “கோஷூ ஹிகோனே ஜூ, சோஹெய்ஷி ந்யூடோ சோடென் செய்”. ஹிகோனேவாசி சோடென் செய்ததுன்னு கடைக்காரர் வாசிச்சுக் காட்டினார். ஹிகோனேல ஒரு பழைய வீட்டுக் குராவுல இருந்து நேரா வந்த சரக்குன்னும் சொன்னார். குரான்னா அந்த மண்சுவர் சேமிப்பறை.

முதல்ல 35,000 கேட்டார். நான் யோசிச்சுக்கிட்டு சும்மா நின்னேன், அவரே 28,000க்கு இறங்கிட்டார். அங்கதான் மனசு இடிக்குது.

இது அசலா? அங்கங்க செந்துரு இருக்கு, அதைத் தேய்ச்சு எடுக்கலாமா? டோக்கியோவுல, ஜப்பானிய வாள்களையும் அதோட உறுப்புகளையும் பரிசோதிச்சுத் தாள் கொடுக்கற சங்கத்துக்கு அனுப்பிச் சான்று வாங்கறது நல்லதா?

மழைக்குருவி

காந்தம் வச்சுப் பாருங்க. ஒட்டினா அசல். அப்புறம் நூல்ல கட்டித் தொங்கவிட்டுச் சுண்டுங்க, மணி மாதிரி கேட்டா அடிச்ச இரும்பு, ‘டொக்’னு நின்னா வார்ப்பு. இதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

வார்ப்புக்காரன்

மழைக்குருவி, கோபித்துக்கொள்ள வேண்டாம். காந்தம் ஒட்டினால் இரும்பு என்று தெரியும், அவ்வளவுதான். வார்த்த இரும்பிலும் ஒட்டும், அடித்த இரும்பிலும் ஒட்டும். துத்தநாகக் கலவையில் ஊற்றிக் கறுப்பு பூசிய பொம்மைகளை மட்டும்தான் அது காட்டிக்கொடுக்கும். சுண்டிக் கேட்பதில் கொஞ்சம் விஷயம் உண்டு. வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில்கள் இருப்பதால் அதிர்வை விழுங்கிவிடும். ஆனால் நடு ஓட்டையில் செம்புச் செருகல் தளர்ந்துபோன நல்ல பழைய ட்சுபாவும் ‘டொக்’ என்றுதான் சொல்லும். எஃகில் வார்த்த புதுச் சரக்கோ நன்றாகவே பாடும். காதை நம்பி முப்பதாயிரம் கொடுக்காதீர்கள்.

கதிர் தம்பி, நான் வார்ப்பாலையில் வேலை பார்ப்பவன். பத்தொன்பது வருஷமாக உருகிய இரும்பும் மணல் அச்சும்தான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட நானே முதல் ட்சுபாவில் ஏமாந்தேன் என்றால் உங்கள் நெஞ்சு கொஞ்சம் ஆறும்.

இணைய ஏலத்தில் எடுத்தது. இறக்கை இரண்டையும் மேலே தூக்கி வட்டமாக வளைத்த கொக்கு. ஹிகோ (இன்றைய குமமோட்டோ) நாட்டுக் கைவினைஞர்கள் பெயர் வாங்கிய வடிவம், அதனால் நகலும் ஏராளம். பவுலோனியா மரப்பெட்டி, மூடியில் மை எழுத்து, உள்ளே பட்டு மெத்தை. 42,000 யென். பெட்டியைத் திறந்த அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. இடது இறக்கையின் அடியில் கடுகளவுக்கு ஒரு குழி இருந்தது. முந்நூறு வருஷத் துரு அரித்த குழி என்று அதைத்தான் அதிகம் ரசித்தேன், விரல் நுனியால் தடவித் தடவிப் பார்ப்பேன்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு விற்பனையாளரின் பக்கத்தில் அதே கொக்கு. இடது இறக்கையின் அடியில் அதே கடுகு. பெரிதாக்கிப் பார்த்தேன், குழியின் மேல்விளிம்பு லேசாகச் சப்பையாக இருப்பதுகூட அப்படியே. அம்மைத் தழும்பு இரண்டு பேருக்கு ஒரே இடத்தில் ஒரே அளவில் விழுமா? மாதிரியில் ஒரு குழி இருந்தால் அதில் எடுத்த அச்சில் வார்க்கும் ஆயிரம் பிள்ளைக்கும் அந்தக் குழி வரும் என்பது எங்கள் தொழிலில் புதிதாகச் சேரும் பையனுக்கும் தெரியும். தெரிந்தும் கண்ணை மறைத்தது அந்தப் பெட்டி. கண்காட்சி நூலில் அதே வடிவத்தின் அசலுக்குக் கொடுத்திருந்த அளவோடு ஒப்பிட்டேன். என்னுடையது முக்கால் மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் அதிகமாகக் குறைந்தது. வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று சுருங்கும். 80 மி.மீ. அசலில் அச்செடுத்தால் பிள்ளை 79 சொச்சம்தான். கணக்கு அப்படியே உதைத்தது. இப்போது அந்தக் கொக்கு என் மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

அதற்குப் பிறகு நான் ஒரு ட்சுபாவைக் கையில் எடுத்தால் கொக்கையும் குதிரையையும் கடைசியில்தான் பார்ப்பது. முதலில் நடு ஓட்டை. நகாகோ-அனா என்பார்கள், வாளின் வால்பகுதி நுழையும் இடம். அலகின் வெட்டுமுனை வரும் பக்கம் குறுகி, முதுகுப் பக்கம் அகன்று இருக்கும். ஒவ்வொரு வாளின் வாலும் ஒவ்வொரு தடிமன். ஒரு ட்சுபா தன் ஆயுளில் மூன்று நான்கு வாள் மாறியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஆடாமல் உட்கார வேண்டும் இல்லையா? ஓட்டை சிறியதாக இருந்தால் அரத்தால் ராவுவார்கள். பெரியதாக இருந்தால் மேலும் கீழும் செம்புத் துண்டு செருகுவார்கள், அதற்கு செகிகானே என்று பெயர். இன்னும் கொஞ்சம் இறுக்க, ஓட்டையின் ஓரத்தில் உளியால் கொத்தி இரும்பை உள்ளே தள்ளுவார்கள். இந்தச் சண்டை சச்சரவெல்லாம் ஓட்டையைச் சுற்றிப் பதிந்திருக்கும். நகல் எடுப்பவன் கொக்கின் அழகில் மயங்கிச் செய்கிறான், இந்த இடத்தில்தான் சோம்பல் படுகிறான்.

வார்ப்பில் செம்புத் துண்டும் சேர்ந்தே வார்க்கப்பட்டு, மேலே செம்பு நிறம் பூசியிருக்கும். நகத்தால் ஓரத்தைத் தேடுங்கள். செம்புக்கும் இரும்புக்கும் நடுவே முடியளவு கோடு உண்மையிலேயே உள்ளே இறங்குகிறதா, அல்லது வெறும் பள்ளமா? கொத்திய தழும்பு இருந்தால் அதன் அடி கூர்மையாக இருக்கிறதா, சோப்பில் அழுத்தினது போல மழுங்கியிருக்கிறதா? அசல் கொத்தில் உலோகம் பக்கவாட்டில் பிதுங்கியிருக்கும்.

அடுத்து, உருவங்களுக்கு இடையே வெட்டி எடுத்த இடங்களின் உள்சுவர். பத்து மடங்கு லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். சூரிய வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கையால் ராவின அரக்கோடுகள் தெரிய வேண்டும், ஒன்றுக்கொன்று கொஞ்சம் கோணலாக. வார்ப்பென்றால் மணல்தோல் போலச் சீரான சொரசொரப்பு இருக்கும், அல்லது இரண்டு அச்சு சேர்ந்த தையல் சுவரின் நடுவே ஓடும், அல்லது ஊசிமுனைக் காற்றுக்குமிழ்கள். மூலைகளும் பொய் சொல்லாது. உருகிய இரும்பு கூரான மூலைக்குள் முழுசாகப் போய் உட்காராது, உருண்டுகொள்ளும்.

இதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை துருவில் கை வைக்க வேண்டாம். கம்பித் தூரிகை, உப்புத்தாள், துரு நீக்கும் திரவம் எதுவும் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. செந்துருவுக்கு அடியில் இருக்கும் கருந்தோல்தான் இதற்கு மதிப்பே. அது போனால் புதுக் கொல்லன் வேலை போல ஆகிவிடும்.

ஓட்சு கதிர்

அண்ணா, படிச்சிட்டு ராத்திரியே லென்ஸ் ஆர்டர் பண்ணேன். நேத்து வந்தது. பால்கனியில உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன்.

ஓட்டையில மேல மட்டும் செம்புத் துண்டு இருக்கு. கீழ இல்ல, ஆனா துண்டு இருந்து கழன்ற மாதிரி ஒரு பள்ளம் இருக்கு. ஓரத்துல கொத்தினது இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் மூணு. ரெண்டு கொத்து எழுத்துலயே ஏறி ‘ஜூ’ங்கற எழுத்தோட கால் நசுங்கியிருக்கு. உள்சுவர்ல கோடுகள் இருக்கு, குதிரையோட வயித்துக்கடியில ரொம்பத் தெளிவா, சாய்வா. தையல் எங்கயும் கண்ல படல.

இன்னொண்ணு. ஒரு வீரனோட தொடையில தங்கம் உதிர்ந்திருக்கு. உதிர்ந்த இடத்துல சல்லடைத் துணி மாதிரி குறுக்கும் நெடுக்குமா மெல்லிசான கீறல். அது என்ன?

வாணி (இயாய்தோ)

கதிர், அந்தக் கீறல் நல்ல சேதி. இரும்பை அப்படிக் குறுக்கும் நெடுக்குமா கீறி, அந்தச் சொரசொரப்புல தங்கத் தகட்டை வச்சு அடிச்சுப் பிடிக்க வைப்பாங்க. நுனோமே-சோகான்னு பேரு. நுனோமேன்னா துணியோட நெசவு, நீங்களே சல்லடைத் துணின்னு சொல்லிட்டீங்க. தங்கப் பெயிண்ட் உதிர்ந்தா கீழ வெறும் இரும்புதான் இருக்கும்.

நான் இயாய்தோ பழகறவ, உறையில இருந்து வாளை உருவி வெட்டற கலை. பயிற்சி வாளுக்குப் போடற ட்சுபா பெரும்பாலும் வார்ப்புதான், கடையிலயும் அப்படிச் சொல்லித்தான் விக்கிறாங்க. அதுல ஒரு குத்தமும் இல்ல. அதே தட்டை யாரோ உப்புத்தண்ணியில போட்டு, ஷூ பாலிஷ் தேய்ச்சு, “குராவுல கிடைச்சது”ன்னு கதை சேர்த்து விக்கிறப்பதான் வம்பு. சந்தேகமா இருந்தா வெள்ளைப் பருத்தித் துணியால அழுத்தித் துடைச்சு மோந்து பாருங்க. ஒரு தடவை எனக்கு அப்பட்டமா பாலிஷ் வாடை அடிச்சுது.

வாள் கழட்டி மாட்டறவங்க கண்ணுக்கு இன்னொண்ணு தெரியும். ட்சுபாவுக்கு ரெண்டு பக்கமும் செப்பான்னு மெல்லிசா வாஷர் மாதிரி தகடு வரும். வருஷக்கணக்கா அது அழுத்தினதால ஓட்டையைச் சுத்தி நீள்வட்டமா ஒரு இடம் வழுவழுன்னு, வேற நிறமா இருக்கணும். அந்த நிழல் இருக்கான்னு பாருங்க.

நான் ஏமாந்தது மெனுகியில, பிடியில நூலுக்கடியில வைக்கிற சின்ன உருவம். ஷாகுடோன்னு சொன்னாங்க. செம்புல நூத்துக்கு மூணு நாலு பங்கு தங்கம் கலந்து, பச்சை உப்புக் கரைசல்ல கொதிக்க வச்சுக் கொண்டுவர்ற கருநீலம். என்னோடது வெறும் கறுப்பு முலாம். நாலு மாசத்துல உள்ளங்கை பட்ட இடமெல்லாம் பித்தளை பல்லைக் காட்டிச்சு. திருப்பிப் பார்த்திருந்தா வாங்கும்போதே தெரிஞ்சிருக்கும். நல்ல மெனுகி பின்னால இருந்து தட்டி எழுப்பினது, குடைவா இருக்கும், முன்பக்க மேடு பள்ளம் பின்னால தலைகீழாத் தெரியும். என்னோடதுல பின்பக்கம் மொழுக்குன்னு இருந்தது.

ட்சுபாவுக்குப் பதிவு அட்டை எதுவும் வேண்டாம், அந்தப் பயம் இருந்தா விட்டுடுங்க. 1958ஆம் வருஷச் சட்டப்படி பதிவு கேக்கறது அலகுக்குத்தான்.

வார்ப்புக்காரன்

தம்பி, நீங்கள் எழுதியதில் எனக்குப் பிடித்தது அந்த நசுங்கின ‘ஜூ’. கையெழுத்து முதலில் விழுந்திருக்கிறது, கொத்து பிறகு விழுந்திருக்கிறது. ஒருவர் செய்தார், ஒருவர் பெயர் வெட்டினார், பிறகு இன்னொருவர் எழுத்தைப் பற்றிக் கவலைப்படாமல் தன் வாளுக்கு இறுக்கினார். இது வாளில் இருந்த தட்டு. வார்ப்பு இல்லை என்று படம் பார்க்காமலேயே தொண்ணூறு பங்கு சொல்வேன்.

இனிக் கசப்பு. அடித்த இரும்பு, பழையது என்பதெல்லாம் சரி. சோடென் செய்தாரா என்பது வேறு கேள்வி. ஹிகோனே உங்கள் ஓட்சு இருக்கும் அதே பிவா ஏரிக்கரை ஊர்தான். அங்கே சோடென் வழியில் இந்தச் சீனக்கதை உருவங்கள் அமோகமாக ஓடின. ஓடியதால் எல்லாரும் செய்தார்கள். வடக்கே ஐசு வரைக்கும் செய்தார்கள். கையில் இருப்பது யார் வேலையாக இருந்தாலும் அதே நீளமான பெயரை வெட்டிவிட்டார்கள். அந்தப் பெயர் தாங்கிய தட்டுகளில் பெரும்பாலானவை அவர் கை பட்டதில்லை. இப்படிப் பொய்ப் பெயர் வெட்டுவதற்கு கிமெய் என்று பெயர். நொபுஇயே, கானெஇயே, கோட்டோ வீட்டார், நட்சுவோ என்று பெரிய பெயர் எதையும் விட்டுவைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் கோட்டோ வீட்டின் ஆரம்பத் தலைமுறைகள் பெரும்பாலும் பெயரே வெட்டவில்லை. அந்த வீட்டின் முதல் தலைமுறை யூஜோ 1512இல் இறந்தவர். அவர் பெயர் தெளிவாக வெட்டிய ஒன்றை யாராவது சந்தையில் நீட்டினால் புன்னகையோடு நகர்ந்துவிடலாம்.

அதனால் உங்களுடையதை நான் போலி என்று சொல்ல மாட்டேன். அச்சில் வார்த்த என் கொக்கு போலி. உங்களுடையது எடோ என்ற பழைய சாமுராய் ஆட்சிக் காலத்தில் யாரோ ஒரு கைவினைஞன் வயிற்றுப்பாட்டுக்காகப் பெரிய பெயரைக் கடன் வாங்கிச் செய்த வேலை. மொத்தமாகச் செய்து கடைக்குப் போட்ட சரக்கை ஷீரேமோனோ என்பார்கள். 1876இல் வாள் கட்டிக்கொண்டு வெளியே போகக்கூடாது என்று ஆணை வந்தபின் இந்தத் தொழிலே படுத்துவிட்டது. சிலர் யோகோஹாமா துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டாருக்காகத் தங்கத்தை அள்ளிக் கொட்டிப் பளபளப்பாகச் செய்தார்கள். அவை ஹாமாமோனோ. அவற்றில் ஓட்டை இருக்கும், வாள் நுழைந்த தடயம் இருக்காது. உங்களுடையது அந்த ரகமும் இல்லை, கொத்தே சாட்சி.

28,000 யென்னுக்கு இது நியாயம். உண்மையான சோடென் என்றால் அந்த விலைக்குக் கடைக்காரர் கண்ணில்கூடக் காட்டியிருக்க மாட்டார். கதைக்குத்தான் 7,000 குறைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றைப் பற்றி: சங்கம் கையெழுத்தைப் பொய் என்று கருதினால் தாள் இல்லாமல் திருப்பி அனுப்பிவிடும். செலவழித்து அதைத் தெரிந்துகொள்வதைவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை டோக்கியோ வந்து ரியோகொகுவில் அவர்களுடைய வாள் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ட்சுபா வைத்திருந்தால் அதன் உள்சுவரை மட்டும் பத்து நிமிஷம் பாருங்கள். வீட்டுக்குப் போய் உங்களுடையதை எடுத்தால் என்ன வித்தியாசம் என்று நான் சொல்ல வேண்டியிருக்காது.

துருவுக்குப் பொறுமைதான் வேண்டும். மான்கொம்பு அல்லது எலும்பு, தீக்குச்சி அளவுக்கு முனை சீவிக்கொள்ளுங்கள். செந்துரு மேடாக இருக்கும் இடத்தில் மட்டும் மெதுவாக அழுத்தித் தள்ளுங்கள். எலும்பு இரும்பைவிட மெத்து, துருவைப் பெயர்க்கும், கருந்தோலைக் கீறாது. பிறகு பருத்தித் துணியால் தினமும் பத்து நிமிஷம் வெறுமனே தேய்ப்பது, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யலாம். தங்கம் இருக்கும் பக்கம் மட்டும் போகாதீர்கள், அந்தத் தொடையில் உதிர்ந்தது போதும்.

மழைக்குருவி

காந்தத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். என்கிட்ட அதே கொக்கு ஒண்ணு இருக்கு. இப்பதான் லைட்டைப் போட்டு இடது இறக்கையைப் பார்த்தேன். கடுகு இருக்கு.

வார்ப்புக்காரன்

அளந்து பாருங்கள். 79க்கும் கீழே வந்தால் என் கொக்கில் அச்செடுத்த பேரன்.

ஓட்சு கதிர்

வாணிக்கா, செப்பா நிழல் இருக்கு, ரெண்டு பக்கமும். எழுத்து இருக்கற பக்கம் ரொம்ப நல்லாத் தெரியுது. அண்ணா, மான்கொம்புக்கு எங்க போறதுன்னு முழிச்சிட்டு இருந்தேன், நாய்க்குக் கடிக்கக் கொடுக்கற மான்கொம்புத் துண்டு செல்லப்பிராணிக் கடையில கிடைச்சது. ஒரு துண்டு சீவி குதிரைக் குளம்புக்குக் கீழ ஆரம்பிச்சிருக்கேன். மூணு நாள்ல அரிசி அளவுக்குத்தான் கறுப்பு தெரியுது. மிச்சக் கொம்பைப் பக்கத்து வீட்டு நாய் எடுத்துக்கிச்சு.